ஈரக் குப்பை வண்டி நின்ற பிறகு: 168 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேற்குத் தமிழகத்தில் ஒரு மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு இது. மூன்று பிளாக், 168 வீடுகள், மனைப் பரப்பு 8,000 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 2018 ஜூலை வரை எல்லாக் குப்பையும் ஒரே வழியில்தான் போயிற்று. காலை ஏழு மணிக்கு இரண்டு பெண் தூய்மைப் பணியாளர்கள் மாடி மாடியாகப் பைகளை எடுத்து, பின்வாசலில் இருந்த நான்கு பச்சைத் தொட்டிகளில் போடுவார்கள். ஒன்பது மணிக்கு மாநகராட்சி லாரி வந்து அள்ளிச் செல்லும்.

அந்த ஜூலையில் சங்கத்துக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. 2016 ஏப்ரல் 8 அன்று வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகளையும், அவற்றை ஒட்டி மாநகராட்சி வகுத்த துணை விதிகளையும் அது சுட்டிக்காட்டியது. விஷயம் இரண்டு. சராசரியாக நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தருபவர் மொத்தக் கழிவு உருவாக்குநர். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகக் குடியிருப்புகள் மக்கும் குப்பையை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். செப்டம்பர் 1 முதல் ஈரக் குப்பையை எடுக்க மாட்டோம் என்பது கடைசி வரி.

சங்கத்தின் முதல் பதில் சட்ட வாதமாகவே இருந்தது. மத்திய விதியில் 'இயன்றவரை' என்ற சொல் இருக்கிறது, எங்களுக்கு இயலவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சுகாதார ஆய்வாளர் அதை வாங்கிப் படித்துவிட்டுப் பின்பக்கம் நடந்து போனார். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் 40 அடி நீளம், 14 அடி அகலத்தில் காலி இடம். பழைய கதவுகளும் உடைந்த கமோடுகளும் அங்கே கிடந்தன. "இடம் இருக்கே சார்" என்றார். அத்தோடு வாதம் முடிந்தது. உண்மையில் 'இயன்றவரை' என்பதற்கு நடைமுறையில் இருக்கும் பொருளே இடம் உண்டா இல்லையா என்பதுதான்.

ஏழு நாள் எடை

எதையும் வாங்குவதற்கு முன் ஏழு நாள் எடை போடுவது என்று முடிவாயிற்று. இந்த நிகழ்வில் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான். பின்வாசலில் தார்ப்பாய் விரித்து, பைகளைக் கொட்டிப் பிரித்து, தொங்கு தராசில் நான்கு வகையாக நிறுத்தார்கள். ஒரு நாள் சராசரி: ஈரக் குப்பை 88 கிலோ, உலர் குப்பை 31 கிலோ, நாப்கினும் டயப்பரும் 9 கிலோ, தோட்டக் கழிவு 14 கிலோ. மொத்தம் 142 கிலோ.

ஞாயிற்றுக்கிழமை ஈரக் குப்பை மட்டும் 121 கிலோவைத் தொட்டது. மீன் செதில், கோழிக் கழிவு, வாழை இலை. ஒரே ஒரு நாள் நிறுத்துவிட்டுத் திட்டம் போட்டிருந்தால், அது செவ்வாயா ஞாயிறா என்பதைப் பொறுத்து விடையே மாறியிருக்கும்.

மூன்று வழிகளும் எடுத்த முடிவும்

முதல் வழி, தனியாரிடம் கிலோ கணக்கில் பணம் கொடுத்து அனுப்புவது. செலவு நிரந்தரம். அதோடு, அவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று தெரியாது. வண்டி ஏதாவது குளக்கரையில் பிடிபட்டால் கேள்வி குடியிருப்புக்குத்தான் வரும்.

இரண்டாவது, 24 மணி நேரத்தில் உரம் தரும் என்று சொல்லப்படும் இயந்திரம். செயல்விளக்கத்தில் மாலை போட்ட காய்கறிக் கழிவு மறுநாள் பழுப்புத் தூளாக வந்தது. சங்கத்தின் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் அந்தத் தூளில் ஒரு கைப்பிடியை டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தார். இரண்டாம் நாள் புளித்த நாற்றம் வந்தது. இயந்திரம் சூடாக்கி உலர்த்துகிறது, மக்கச் செய்வதில்லை. உலர்ந்ததை மறுபடி மக்கவைக்க எப்படியும் தொட்டி வேண்டும். விலையோ தொட்டிகளுக்கு ஆகும் செலவைப் போல நான்கு மடங்கு, மின்கட்டணம் தனி.

மூன்றாவது, செங்கல் தொட்டி. தேர்ந்தெடுத்தது இதைத்தான். நான்கடி நீளம், அகலம், உயரம். மூன்று பக்கம் ஜாலி (செங்கலுக்கு நடுவே காற்று இடைவெளி) விட்டுக் கட்டிய சுவர், முன்பக்கம் காடியில் இறக்கும் பலகைகள். உள்பக்கம் பெருச்சாளி நுழையாதபடி அரை அங்குலக் கம்பிவலை. தரை பின்பக்கமாகச் சரிந்து, கசிவு நீர் ஒரு குழாய் வழியாக வாளியில் விழும். மேலே தகரக் கூரை. நடுவில் காற்றுக்காகத் துளையிட்ட பிவிசி குழாய் ஒன்று.

எத்தனை தொட்டி? கொத்தனாரும் செயலாளரும் நோட்டின் பின்னட்டையில் கணக்குப் போட்டார்கள். மக்குவதற்கு 40 நாள். 88 கிலோவை 40 ஆல் பெருக்கினால் 3,520 கிலோ. ஒரு தொட்டி 1,800 லிட்டர். ஆக இரண்டு தொட்டி போதும், பாதுகாப்புக்கு நான்காக வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. அவை அக்டோபரில்தான் தெரிந்தன.

பை இல்லாத வாளி

வீடுகளுக்கான விதி ஒரே தாளில் அடங்கியது. ஈரக் குப்பை பச்சை வாளியில், தினமும். உலர் குப்பை ஏதாவது ஒரு கோணியில், புதனும் சனியும். நாப்கின், டயப்பர் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, தினமும் தனியாக. பல்பு, பேட்டரி, பழைய மருந்து, பெயின்ட் டப்பா ஆகியவை மாதத்தின் முதல் சனி.

பெரிய சண்டை வந்தது நான்கே சொற்களால்: ஈர வாளியில் பை கூடாது. வாளி நாறும், தினமும் யார் கழுவுவது என்று கேட்டார்கள். குழு விட்டுக்கொடுக்கவில்லை. காரணம் உண்டு. முடிச்சுப் போட்ட பைக்குள் என்ன இருக்கிறது என்று எடுப்பவருக்குத் தெரியாது. திறந்த வாளியில் ஒரு ஷாம்பு பாக்கெட் கிடந்தாலும் கண்ணில் படும். பையை அவிழ்த்துக் கொட்ட ஒரு வீட்டுக்கு அரை நிமிடம் என்றாலும் 168 வீட்டுக்கு 84 நிமிடம் போய்விடும். வாளியின் அடியில் இரண்டு தாள் செய்தித்தாள் மடித்துப் போட்டால் கழுவும் வேலை பாதியாகும், அந்தத் தாளும் தொட்டியில் மக்கிவிடும். 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்குத் தடை வந்து, கடைப் பைகள் வீட்டில் சேர்வது குறைந்தபோது இந்த விதிக்குத் தானாகவே துணை கிடைத்தது.

மூன்றாவது வாரம்

செப்டம்பர் 1 அன்று லாரி சொன்னபடியே ஈரக் குப்பையை எடுக்கவில்லை. தொட்டிகள் ஓடத் தொடங்கின. முதல் இரண்டு வாரம் எந்தப் புகாரும் இல்லை. மூன்றாவது வாரம் 'பி' பிளாக்கின் முதல் மூன்று மாடிகளில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். அழுகிய முட்டை நாற்றம். தொட்டியின் ஜாலி வழியாகத் தடித்த பழுப்புப் புழுக்கள் தரையில் ஊர்ந்தன.

அப்போது நடந்த தவறு இது. குழுவைக் கேட்காமல் ஒருவர் மேற்பார்வையாளரிடம் சொல்லி, அதுவரை நிரம்பியிருந்த இரண்டு தொட்டிகளிலும் பிளீச்சிங் பவுடரைத் தூவவைத்தார். மறுநாள் புழு குறைந்தது, நாற்றம் போகவில்லை. 60 டிகிரி காட்டிக்கொண்டிருந்த தண்டு வெப்பமானி மூன்றே நாளில் 38க்கு இறங்கியது. மக்கவைக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்தே செத்திருந்தன.

காரணம் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. தொட்டியின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தார்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்த்தால் ஈரம் சரி. இங்கே கையிலிருந்து ஒழுகியது. நேற்றைய சாம்பார், ரசம், ஊறவைத்த மாவு என எல்லாமே வாளியோடு வந்திருந்தன. நீர் நிறைந்த இடத்தில் காற்றுக்கு வழியில்லை. காற்றில்லாமல் அழுகும்போதுதான் அந்த முட்டை நாற்றம் வரும். சருகும் போதவில்லை. வேப்பமரம் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். புரட்டாசியில் வளாகத்தில் சருகு எங்கிருந்து வரும்?

இரண்டு தொட்டிகளையும் தரையில் கொட்டி, தென்னை நார்க்கழிவைக் கலந்து, சாணக் கரைசல் தெளித்து மறுபடி நிரப்பினார்கள். இரண்டு பேர், இரண்டு நாள் வேலை. 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஒன்று ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டராக உப்பும். ஆனால் ஊறவைக்காமல், காய்ந்த நிலையிலேயே உதிர்த்துப் போட வேண்டும். அது உறிஞ்ச வேண்டியது குப்பையின் நீரை. பொதியில் எழுதியிருந்தபடி முதல் கட்டியை ஊறவைத்துப் போட்டுவிட்டார்கள், அது வீண். மர அறுவை மில் தூளும் நன்றாக வேலை செய்தது. ஒட்டுப்பலகைத் தூளில் பசை இருக்கும் என்பதால் அது வேண்டாம் என்று தள்ளினார்கள்.

அன்றிலிருந்து நடைமுறை இப்படி: இரண்டு வாளி குப்பைக்கு ஒன்றேகால் வாளி சருகு அல்லது தூள். முட்டைக்கோஸ் தண்டு, வாழைத்தண்டு, சோளக்கதிர் எதுவும் முழுதாகப் போகக் கூடாது, அரிவாளால் இரண்டு அங்குலத் துண்டு. மேல் அடுக்கு எப்போதும் சருகு. வாரம் ஒருமுறை கிளறல். மீன், கோழிக் கழிவு நடுவில் குழி பறித்துப் புதைத்தல். வீடுகளுக்கு ஒரு வரி கூடியது: குழம்பை வடித்துவிட்டுக் கெட்டியை மட்டும் வாளியில் போடவும். புழுவைப் பற்றி ஒரு விளக்கமும் ஒட்டப்பட்டது. குளவி போல நீண்ட கறுப்பு ஈயின் புழு அது. குப்பையைத் தின்று கரைப்பதே அதன் வேலை, சாப்பாட்டில் வந்து உட்காரும் வீட்டு ஈ அல்ல. ஈரம் குறைந்ததும் அதுவும் தானாகக் குறைந்தது.

தொட்டிக் கணக்கு தவறியது

அக்டோபர் 3 அன்று நான்காவது தொட்டி நிரம்பி, முதல் தொட்டியைக் காலி செய்ய வேண்டிய நிலை வந்தது. பலகையை உருவியபோது உள்ளே ஆவி பறந்தது. முருங்கைக்காய்ச் சக்கையும் சாத்துக்குடித் தோலும் அடையாளம் தெரியும்படி அப்படியே இருந்தன.

கணக்கின் முதல் ஓட்டை, ஒரு லிட்டரை ஒரு கிலோவாக எடுத்துக்கொண்டது. தளர்வாகக் கிடக்கும் சமையலறைக் கழிவு லிட்டருக்கு அரைக் கிலோதான் வரும். 88 கிலோ என்பது 175 லிட்டர். இரண்டாவது, சருகைக் கணக்கிலேயே சேர்க்காதது. அது இன்னும் 115 லிட்டர். ஆக நாளொன்றுக்கு 290 லிட்டர். அடங்கி இறங்குவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தொட்டி எட்டு நாளில் நிரம்புகிறது. நான்கு தொட்டி என்றால், நிரம்பிய முதல் தொட்டிக்குக் கிடைப்பது 24 நாள். 40 நாள் வேண்டுமானால் ஐந்து தொட்டி மக்கிக்கொண்டிருக்க, ஆறாவது நிரம்ப வேண்டும்.

அரைகுறையாக மக்கியதை மூலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஆயுத பூஜை வந்தது. உடைத்த பூசணி, வாழைக்கன்று, செவ்வந்தி மாலை, பொரி என ஒரே காலையில் 300 கிலோவுக்கு மேல் சேர்ந்தது. அன்று இரவு மழை. குவியலின் கசிவு நீர் மழைநீர் சேகரிப்புக் குழியை நோக்கி ஓடியது. காவலாளி ஒருவர் அதைக் கவனித்து மணல் மூட்டைகளை அடுக்கித் தடுத்தார். கவனிக்காமல் விட்டிருந்தால் ஆழ்துளைக் கிணறு கெட்டிருக்கும். நவம்பரில் மேலும் இரண்டு தொட்டி கட்டப்பட்டது. பண்டிகைக் குப்பைக்கு மட்டும் அன்றைக்கு ஒரு நாள் கட்டணம் கட்டி மாநகராட்சி வண்டியை வரவழைக்க ஏற்பாடாயிற்று.

பிரிக்காத 23 வீடுகள்

ஆறு வாரம் முடிந்தபோது 145 வீடுகள் பிரித்துக் கொடுத்தன, 23 வீடுகள் கொடுக்கவில்லை. மூன்று விளக்கக் கூட்டம் நடத்தியாயிற்று. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏற்கெனவே பிரிப்பவர்கள். விழிப்புணர்வுக் கூட்டங்களின் பயன் பெரும்பாலும் இவ்வளவுதான்.

23 வீட்டிலும் போய்க் கேட்டார்கள். 14 வீடுகளில் குப்பையை வெளியே வைப்பவர் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. கூட்டத்துக்கு அவரை யாரும் அழைக்கவே இல்லை, வாட்ஸாப் குழுவிலும் அவர் இல்லை. ஐந்து வீடுகள் இளைஞர்கள் சேர்ந்து தங்கியவை, வாளியே கிடையாது. மீதி நான்கு வீடுகள் தெரிந்தே மறுத்தவை. அவர்களிடம் ஒரு நியாயமான புகாரும் இருந்தது. பிரித்துக் கொடுத்த உலர் குப்பையை மாநகராட்சிப் பேட்டரி வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை ஒருவர் வீடியோ எடுத்திருந்தார். அந்த வண்டியின் நடுத்தடுப்பு உடைந்திருந்தது. சுகாதார ஆய்வாளரிடம் காட்டியதும், தடுப்பு சரியாகும்வரை உலர் குப்பைக்கு மட்டும் தனி நடை விட்டார்கள்.

வேலைக்கு வருபவர்களுக்காகத் தனியே ஒரு நாள், காலை பத்தரைக்கு, தொட்டி அருகிலேயே அரை மணி நேரம் காட்டினார்கள். 14ல் 12 வீடு அந்த வாரமே சரியானது.

மற்றவர்களுக்கு அபராதமா, எடுக்காமல் விடுவதா என்று விவாதம். உடனடி அபராதம் விதிக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு. சங்கம் விதித்தால் வசூலிப்பதற்குள் உறவு கெடும். கலந்த வாளியை எடுக்காமல், 'நாளை பிரித்து வைக்கவும்' என்ற அட்டையை மட்டும் வைப்பது என்று பொதுக்குழுத் தீர்மானம் போட்டார்கள். இரண்டாம் நாளே சிக்கல். நான்காம் மாடியில் ஒருவர் பணியாளரைப் பார்த்து, "சம்பளம் வாங்கல? எடுத்துட்டுப் போம்மா" என்று கத்தினார். அவர் எடுத்துப் போய்விட்டார். வேறென்ன செய்வார்? மறுக்கும் வேலையை மறுக்க முடியாதவர் தலையில் கட்டியது குழுவின் பிழை. அடுத்த 15 நாள் குழு உறுப்பினர் ஒருவர் தினமும் காலையில் கூடவே நடந்தார். அட்டையை வைப்பது அவர் வேலை, எடுப்பது மட்டும் பணியாளர் வேலை. 11ஆம் நாளோடு அட்டை வைக்கும் தேவை ஒரு வீடு தவிர எங்கும் இல்லாமல் போனது. அந்த ஒரு வீட்டார் மார்ச்சில் குடிமாறினார்கள்.

ஊசி

2019 ஜனவரியில், உலர் குப்பைக் கோணியைக் கட்டும்போது பணியாளர் ஒருவரின் ஆள்காட்டி விரலில் இன்சுலின் ஊசி குத்தியது. துணிக் கையுறைதான் போட்டிருந்தார். சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவச் செய்து, ஒரு மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். விரலைப் பிதுக்கக் கூடாது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அதற்குள் பிதுக்கியிருந்தார்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். தொடங்கினார்கள். டெட்டனஸ், மஞ்சள் காமாலைத் தடுப்பூசிகளும் போடப்பட்டன. அடுத்தடுத்த பரிசோதனைகளில் தொற்று எதுவும் இல்லை. மருந்து தீரும்வரை அவருக்குக் குமட்டல் நிற்கவில்லை. அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கவில்லை.

இன்சுலின் போடும் 11 வீடுகளுக்கும் மறுவாரம் தடித்த, திருகு மூடியுள்ள காலி சோப்புத் திரவ பாட்டில் கொடுக்கப்பட்டது. ஊசி அதற்குள், முக்கால் நிரம்பியதும் மூடிக்கு மேல் டேப், முதல் சனிக்கிழமை கையில் தருவது. தடித்த ரப்பர் கையுறையும் கணுக்கால் மறைக்கும் காலணியும் அப்போதுதான் வாங்கினார்கள். செப்டம்பர் 1க்கு முன்பே வாங்கியிருக்க வேண்டியவை.

விளைவு

2019 டிசம்பர் வரை பதிவேடு இருக்கிறது. பண்டிகை நாள் தவிர ஈரக் குப்பை வெளியே போகவில்லை. நான்கு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த உரம் மாதம் 450 கிலோ அளவில் கிடைத்தது. வளாகத் தோட்டத்துக்கு 100 கிலோகூடத் தேவைப்படவில்லை. விலைக்கு விற்க முனைந்தால் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் தர அளவுகள் குறுக்கே வரும் என்பதால், அருகில் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு இலவசமாகப் போகிறது. பதிலுக்கு அவர் நார்க்கழிவு கொண்டுவந்து போடுகிறார். பணமாகப் பார்த்தால் லாபம் இல்லை. பணியாளர் இருவருக்கும் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் வேலை கூடியது. அந்த நேரத்துக்குச் சம்பளம் உயர்ந்தது, அதனால் பராமரிப்புக் கட்டணமும் உயர்ந்தது.

மறுபடி செய்தால்

முதல் நாளிலேயே ஆறு தொட்டி, பண்டிகைக்கு ஏழாவது ஒன்று காலியாக. லாரி நிற்கும் தேதிக்கு ஆறு வாரம் முன்பே ஒரு பிளாக்கில் மட்டும் தொடங்கி, ஈரம் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது. பங்குனியில் உதிரும் சருகைக் கொளுத்தாமல், கூட்டித் தள்ளாமல், 60 கோணியில் கட்டி ஐப்பசிக்குச் சேமிப்பது. விளக்கக் கூட்டத்தை வீட்டு வேலைக்கு வருபவர்களிடமிருந்து தொடங்குவது. பிளீச்சிங் பவுடர் அறையின் சாவியை ஒருவரிடம் மட்டும் வைப்பது.

2016ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஈரம், உலர், சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என இப்போது நான்கு பிரிவு. 20,000 சதுர மீட்டர் தளப் பரப்பு, நாளொன்றுக்கு 40,000 லிட்டர் நீர்ப் பயன்பாடு, 100 கிலோ குப்பை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே மொத்தக் கழிவு உருவாக்குநர். இந்தக் குடியிருப்பு எடையிலேயே அதற்குள் வந்துவிடுகிறது. சிவப்புக் குறியிட்ட பொட்டலம் ஏற்கெனவே தனியாகப் போவதால் மூன்றாவது வாளிக்கு எதையும் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. நான்காவதுதான் இடிக்கிறது: ஊசிப் பாட்டில்களையும் பழைய பேட்டரிகளையும் வாங்கிக்கொள்ளும் மையம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், அவை இன்னும் மாதக்கணக்கில் செயலாளர் அறை அலமாரியின் கீழ்த்தட்டில்தான் காத்துக் கிடக்கின்றன.